மதுரைலருந்து பினாங்கு: ஜார்ஜ் டவுன நடந்தே சுத்திப் பாக்குறது எப்படி?

ஜார்ஜ் டவுன்ல அவசரமே ஆகாதுங்க. கார் புடிச்சு பத்து எடத்துக்கு லிஸ்ட் போட்டு ஓடுனா ஒன்னும் மனசுல நிக்காது, மலேசியாவுல பினாங்குத் தீவுல இருக்குற, நிதானமா நடந்து பாக்க வேண்டிய ஊரு அது.

மாட்டுத்தாவணில திருச்சி பஸ் ஏறி, அங்கேருந்து கோலாலம்பூர் ஃப்ளைட்டு, அப்புறம் கோலாலம்பூரோட மெயின் ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ்ங்குற வேகமான மின்சார ரயில் புடிச்சா நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, தீவுக்கு எதிர்க்கரைல இருக்குற பட்டர்வொர்த் வந்துரும். ரயில் டிக்கெட்ட முன்னாடியே போட்டுருங்க.

நிறைய பேரு முழிக்கிறது எம்டிஏசில, அதான் டிஜிட்டல் அரைவல் கார்டு. 2026 கடைசி வரைக்கும் நமக்கு விசா வேணாம், 30 நாள் இருக்கலாம், ஆனா இந்தக் கார்டு கட்டாயம். போய் எறங்குறதுக்கு முந்தி 3 நாளைக்குள்ளதான் ஃபில் பண்ணணும், சல்லிக்காசு கிடையாது. கூகுள்ல தேடுனா காசு கேக்குற சைட்டுங்களும் வரும், அத மூடிட்டு மலேசிய இமிகிரேஷனோட கவர்மென்ட் சைட்டுக்கே போங்க. பேரு பாஸ்போர்ட்ல இருக்குறபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும், அதுல இல்லாத இனிஷியல நீங்களா சேக்காதீங்க.

பட்டர்வொர்த்லருந்து பாலம் வழியாவும் போகலாம், ஆனா என் சாய்ஸ் ஃபெரிதான். டெக்குல நின்னா ஊரு பையப் பையக் கிட்ட வர்றது அவ்வளவு நல்லாருக்கும்.

அங்க விடியவே ஏழு மணி ஆயிரும், விடிஞ்சதும் கெளம்பிருங்க. குயின் தெருல 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி நம்ம தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொஹிதீன் எழுப்புன கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதே ரோட்டுல சீனக் கோயிலு, 1818ல கட்டுன சர்ச்சுன்னு எல்லாமே நடக்குற தூரம். கடைங்களுக்கு முன்னால திண்ணை மாதிரி நடைபாதை போகும், வெயிலு மழை ரெண்டும் படாது, ஆனா கடைக்குக் கடை ஒசரம் மாறும், பக்கத்துல சாக்கடை வேற தெறந்து கெடக்கும், அதனால போனப் பாத்துக்கிட்டே நடக்காதீங்க.

மத்தியானம் நாசி கண்டார், அதான் குழம்பு ஊத்தித் தர்ற சோறு. 'குவா சம்பூர்'னு கேளுங்க, மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்புன்னு ஒன்னுமேல ஒன்னா ஊத்தி சோறே தெரியாத மாதிரி தருவாங்க. கணவாய், எறா வேணும்னா வெலையக் கேட்டுட்டு வாங்குங்க.

அப்டேட்: கமெண்ட்ல சார்ஜர் பத்திக் கேட்டுருந்தீங்க. அங்க சாக்கெட்டு பட்டையான மூணு பின்னு, நம்ம உருண்டப் பின்னு சரியா உக்காராது. டவுன்ஹால் ரோட்டுலயே ஒரு அடாப்டர் வாங்கிட்டுப் போயிருங்க.