பாக் நீரிணை மீனவர் பிரச்சினை: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைக் கடற்படையால் ராமேஸ்வரம் மீனவர்கள் கைது என்று செய்தி வந்தவுடன் பலரும் முதலில் எடுப்பது கச்சத்தீவை. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது. அது சுமார் 285 ஏக்கர் தீவு. குடிநீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு. விசைப்படகுகள் இறால் தேடிப் போவது அதையும் தாண்டி, நெடுந்தீவு, யாழ்ப்பாணக் கரையோரம் வரை. தீவு நாளைக்கே கைக்கு வந்தாலும் அந்தக் கடல் இலங்கையுடையதாகத்தான் இருக்கும்.

"1974இல் உரிமை போய்விட்டது" என்று ஒரே வரியில் எழுதுவதும் தவறு. கச்சத்தீவை இலங்கையுடையதாக ஏற்ற 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோக இடம் தருகிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. இலங்கைக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். இந்த வேறுபாடு தெரியாவிட்டால், எதைத் திருத்தச் சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

மிக அதிகமாக வலிக்கச் செய்யும் தவறு, இதைச் சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவருக்கும் நடக்கும் சண்டையாக மட்டும் சொல்வது. அந்தக் கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நஷ்டப்படுகிறவர்களும் தமிழர்களே. 2009 வரை போர்க்காலக் கட்டுப்பாடுகளால் கடலை முழுதாகப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள். பலரிடம் இருப்பது சிறு ஃபைபர் படகு. இரவில் கடலில் விரித்துவைத்த வலையை, விசைப்படகு பின்னால் இழுத்துவரும் பை போன்ற இழுவைமடி அறுத்துக்கொண்டு போனால், போட்ட முதல் மொத்தமும் போயிற்று. அவர்கள் 'ரோலர்' என்று சொல்வது இந்த இழுவைப் படகுகளைத்தான். மடியை விரித்துப் பிடிக்கும் பலகைகள் கடல்தரையை உரசியபடி போகும்; இறாலோடு குஞ்சு மீன், கடற்புல் எல்லாம் வாரப்படும். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தன் மீனவர்களுக்கும் சேர்த்தே தடை செய்தது.

பாரம்பரிய உரிமை என்ற வாதத்துக்குள் இழுவைமடியை நுழைப்பது வாதத்தையே பலவீனமாக்கும். இந்தியாவில் அது வேரூன்றியது 1950களில், கேரளத்தில் நார்வே உதவியோடு வந்த திட்டத்தின் வழியாக. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததால் கரை நெடுகப் பரவியது. வெளிச்சந்தைக்காகப் பெருகிய படகுகளுக்கு நம் பக்கத்துக் கடல் போதவில்லை. ராமேஸ்வரத்தில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கும் 4 நாள் நாட்டுப்படகுக்கும் என்று கடலையே பங்கிட வேண்டியிருக்கிறது. ஆகவே டெல்லியையும் கொழும்பையும் மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இறால் விலையையும் டீசல் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

படகுக்காரரையும் கூலிக்குப் போகிறவரையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பிழை. படகு பறிமுதலானால் இழப்பு உரிமையாளருக்கு. சிறைக்குப் போவது கடலுக்குப் போனவர். முதல்முறை என்றால் பெரும்பாலும் தண்டனை ஒத்திவைக்கப்படும். மறுபடி பிடிபட்டால் உள்ளேதான்.

ஆழ்கடலுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பதும் அவசர முடிவு. இழுவைப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு தரும் 2017 திட்டத்தில் ஒரு சூரை மீன் தூண்டில் படகுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம். மீதியில் 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் கைப்பணம். ஆனால் ஆழமில்லாத பாக் விரிகுடாவில் சூரைக்குப் போக முடியாது. வெளிக்கடலில் பல நாள் தங்க வேண்டும். மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகிய ஆட்களுக்கு அது வேறு தொழில். பயிற்சி, ஐஸ், துறைமுகம், வாங்க வியாபாரி எல்லாம் புதிதாக வேண்டும். எத்தனை புதுப் படகு கட்டினார்கள் என்பதோடு நிறுத்தாமல், அதற்கு ஈடாக எத்தனை இழுவைப் படகுகளை உடைத்தார்கள் என்றும் கேளுங்கள். பழைய படகு பக்கத்து ஊருக்குக் கைமாறினால் கடலில் ஒரு மடிகூடக் குறையாது.