ரீமேக் எழுத உட்காருவதற்கு முன்னால்

வசனம் எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரைட்ஸ் வாங்கியாச்சு என்று தயாரிப்பாளர் போன் செய்த அன்றே சீன் ஆர்டரை, அதாவது காட்சிகளின் வரிசைப் பட்டியலை, திறக்காதீர்கள். மூலப் படத்தை மூன்று முறை பாருங்கள். அதில் ஒரு முறையாவது அந்த மொழிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே கையிலிருக்கும் டீயை மறந்துவிடுகிறார் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் இதையெல்லாம் சொல்லாது.

அடுத்து, கதையின் அச்சாணி எது என்று தேடுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தை எடுத்துக்கொள்வோம். மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய படம். பழைய கேரளத்து வீடு. அந்த வீட்டு மருமகள் கங்கா, அங்கே எப்போதோ செத்துப்போன நாகவல்லி என்ற நடனக்காரியாகத் தன்னை நினைத்து மாறும்போது தமிழ் பேசுகிறாள். பயமே அங்கேதான் இருக்கிறது. அத்தனை நேரம் மலையாளம் பேசிய வாயிலிருந்து வேற்று மொழி வருகிறது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? நம் வீட்டுப் பெண் கொஞ்சம் கோபமாகப் பேசுகிறாள் என்பதோடு முடிந்துவிடும். இயக்குநர் பி.வாசு இதைச் சரியாகப் பிடித்தார். 2005-இல் 'சந்திரமுகி'யில் ஜோதிகாவைத் தெலுங்கு பேச வைத்தார். 'ரா ரா' பாட்டு தெலுங்கில் இருப்பதற்குக் காரணம் அதுதான். 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தபோது வித்யா பாலன் வங்காளம் பேசினார். மொழி மாறிக்கொண்டே போனது, பயம் அப்படியே நின்றது.

அதே படத்தில் வாசு மாற்றியதையும் பாருங்கள். மலையாளத்தில் மனநல டாக்டரான மோகன்லால் வருவதற்குள் படம் வெகுதூரம் போய்விடும். தமிழில் ரஜினி தொடக்கத்திலேயே வந்து சண்டை போட்டு, பாட்டும் பாடிவிடுகிறார். கதை தாங்கியது. ஏனென்றால் டாக்டர் எப்போது வருகிறார் என்பது அச்சாணி இல்லை.

இனி ஊரும் பேரும். மலையாள 'த்ரிஷ்யம்' படத்தின் நாயகன் ஜார்ஜ்குட்டி, 2015-இல் 'பாபநாசம்' வந்தபோது சுயம்புலிங்கம் ஆனார். அந்தப் பேரை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். உவரிக் கோயில் சாமியின் பேர். கேட்டதும் தென்பாண்டி மண் தெரிகிறது. சுயம்பு என்றால் தானாக முளைத்தது. நாதியில்லாமல் வளர்ந்து தானே ஆளானவனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பேர் வைக்க முடியும்? ஜெயமோகன் வசனமும் நெல்லைப் பேச்சும் சேர்ந்ததும் அது மலையாளத்திலிருந்து வந்த கதை என்பதே மறந்துபோனது. ஆனால் மகள் கையால் நடந்த கொலையை மறைக்க அவன் பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட் என்று பொய் சாட்சி கோக்கும் இடத்தில், இரண்டு படத்தையும் இயக்கிய ஜீத்து ஜோசப் கை வைக்கவில்லை. அதில் ஒரு கண்ணியை உருவியிருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும். அதே கதையைச் சீனர்கள் 2019-இல் எடுத்தபோது தாய்லாந்தில் வாழும் குடும்பமாக மாற்றினார்கள், கடைசியில் அப்பாவைச் சரணடைய வைத்தார்கள். முடிவே மாறியும் படம் அங்கே பெரிய வெற்றி. மகளுக்காக அப்பா கட்டும் பொய்தான் அச்சாணி. அவன் தப்பிப்பதுகூட அச்சாணி இல்லை.

பாட்டு, காமெடி டிராக் பற்றியெல்லாம் டிஸ்கஷனில் எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நான் தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ரீமேக்கில் வேலை செய்தேன். மூலத்தில் காயல் நடுவே ஒரு வீடு. ராத்திரி கடைசிப் படகு போய்விட்டால் விடியும்வரை யாரும் வெளியேற முடியாது. பட்ஜெட் காரணமாக அதைச் சென்னை அடுக்குமாடி வீடாக மாற்றச் சொன்னார்கள், நானும் எழுதிக் கொடுத்தேன். வசனத்தையெல்லாம் இழைத்து இழைத்து எழுதினேன். முதல் நாள் மேட்னியில் எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டார்: "ஏண்டி, ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிட வேண்டியதுதானே?"

இன்று அதே கதை கிடைத்தால் கொல்லிமலைக்குக் கொண்டுபோவேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, கடைசி பஸ் இறங்கிப் போகும் சத்தம், அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒரு லைட்.