புது வேலையில் முதல் மாதம்: ஒரு நோட்டு போடுங்கள்

மீட்டிங்கில் வாய் திறக்கவே தயக்கமா? தினமும் கிளம்பும் முன் 5 நிமிடம் ஒதுக்கி, அன்று முடித்த ஒரு வேலையைத் தேதி போட்டு எழுதுங்கள். 'நன்றாக உழைத்தேன்' என்பது பயன்படாது. 'ஜிஎஸ்டி கணக்கில் விடுபட்ட 3 பில்களைக் கண்டுபிடித்தேன்' என்று எழுதுங்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்குப் பாராட்டைவிட, செய்து முடித்த அனுபவமே வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே விளக்கினார். சம்பள உயர்வு பேசும்போதும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

மதியச் சாப்பாட்டை சீட்டிலேயே முடிக்காதீர்கள். வாரம் இரண்டு நாளாவது மற்றவர்களோடு உட்காருங்கள். சீனியரிடம் "எப்படிச் செய்வது?" என்று மொட்டையாகக் கேட்காமல், "இதுவரை செய்துவிட்டேன், இந்த இடத்தில் நிற்கிறது" என்று காட்டுங்கள். டீக்குக் கூப்பிடவில்லையா? ஒதுக்குகிறார்கள் என்று முடிவு கட்டாமல், நாளைக்கு நீங்களே கூப்பிடுங்கள்.