தியானத் தடைகள்: எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் போடாதீர்கள்

சோமனூர், பல்லடம் பக்கம் தியானத்துக்கு உட்காருகிறவர்கள் முதலில் குறைப்படுவது தறிச் சத்தத்தைத்தான். விடியக்காலையிலேயே பக்கத்துத் தறி ஓடினால் மனசு எப்படிங்க நிற்கும் என்பார்கள். சத்தம் காதில் விழுந்துவிட்டுப் போகட்டும், 'இந்த நேரத்திலா ஓட்டுவான்' என்று உள்ளே ஏறுகிற எரிச்சலைப் பாருங்கள், தடை அங்கேதான் இருக்கிறது. புத்தர் சொன்ன ஐந்து நீவரணங்களில், அதாவது மனதை மறைக்கிற தடைகளில், அது ஒன்று. ஆசை, வெறுப்பு, சோர்வும் தூக்கமும், பரபரப்பும் மனக்குடைச்சலும், சந்தேகம் என்று ஐந்து.

இந்த ஐந்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சையே பிடித்துத் தொங்குவதுதான் நான் பார்த்தவரை பெரிய தவறு. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி ஒரு கட்டுக் கட்டிவிட்டு மத்தியானம் உட்கார்ந்து, கண் சொருகும்போது இன்னும் அமைதியாக முயன்றால் குறட்டைதான் வரும். மனம் சோர்ந்திருக்கும்போது அமைதியை வளர்ப்பது, மங்கின நெருப்பில் ஈரப்புல்லைப் போடுவது மாதிரி என்று புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. அப்போது வேண்டியது ஊக்கமும் ஆராய்ச்சியும். புத்தரின் சீடர் மொக்கல்லானர் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தபோது புத்தர் அவரைத் திட்டவில்லை. கேட்ட தம்மத்தை, அதாவது போதனையை, நினைத்துப் பார், வாய்விட்டுச் சொல், காது மடலை இழுத்துவிடு, எழுந்து முகம் கழுவு, நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனதில் கொண்டுவா, நட என்று வரிசையாகச் சொல்லி, எதற்கும் அடங்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துக்கொள், விழித்ததும் உடனே எழுந்துவிடு என்றார்.

பரபரப்புக்கு இது நேர் எதிர். நூல் விலையும் ஷிப்மெண்ட் தேதியும் தலைக்குள் ஓடும்போது ஊக்கத்தைக் கூட்டினால் ஓட்டம்தான் கூடும், அங்கே அமைதி வேண்டும். மனக்குடைச்சல் வேறு ரகம். கொடுக்க வேண்டிய சீட்டுப் பணத்தைக் கொடுக்காமல், கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமல், கண்ணை மூடியே அதைக் கரைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், எழுந்து போய் முடித்துவிட்டு வாருங்கள்.

வெறுப்புக்கு மெத்தா பாவனை, அதாவது பிறர் நன்றாக இருக்கட்டும் என்று அன்பை வளர்க்கிற தியானம், நல்லதுதான். ஆனால் வரப்புத் தகராறில் பேச்சே நின்றுபோன பங்காளியை முதல் நாளே கூட்டிவந்து 'நன்றாக இரு' என்று சொல்லப் பார்ப்பது வீண் பாடு. விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்தத் தியான நூல் தரும் வரிசை, முதலில் தன்னிடம், அப்புறம் மதிக்கிறவர், பிரியமானவர், விருப்பும் வெறுப்பும் இல்லாதவர், அதற்குப் பிறகுதான் பகையாளி. நடுவில் கோபம் கிளம்பினால் பின்னால் போய் மறுபடி தொடங்கலாம்.

சந்தேகம் வந்தால் வாரத்துக்கு ஒரு புதுத் தியான முறைக்குத் தாவாமல், அனுபவம் உள்ளவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஆசைக்கு, உட்காராத நேரத்தில் கண்ணும் நாக்கும் எங்கே மேய்கின்றன என்று பார்ப்பதே பாதி வேலை. பல வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதை நீவரணம் என்று பேர் வைத்துச் சகிக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, நிறையப் பேர் விடுகிற ஒன்று. சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உரை, தடை இருப்பதை மட்டும் அறியச் சொல்லவில்லை, இல்லாதபோது இல்லை என்று அறி, எப்படி வந்தது, எப்படிப் போனது, இனி வராமலிருக்க என்ன என்றும் அறி என்கிறது. நாளைக்கு உட்காரும்போது எரிச்சல் தானாக அடங்கினால், மூச்சுக்குத் திரும்ப அவசரப்படாமல், அடங்குவதற்குச் சற்று முன்னால் மனசு என்ன செய்தது என்று பாருங்கள்.