கல்லூரிக்கு லேப்டாப் வாங்குகிறீர்களா? மாடல் எண்ணை முழுதாகப் படியுங்கள்

கடையில் கேட்டால் "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அதாவது பிராசஸர், ராம் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). இந்த மூன்றும் அப்படியே ஒத்துப்போகும் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று நான்கு வருடமும் தாக்குப்பிடிக்கும், இன்னொன்று இரண்டாம் வருடமே திணறத் தொடங்கும். காரணம் கடைக்காரர் சொல்லாமல் விட்ட விவரங்களில் இருக்கிறது.

பணத்தை எதில் போடுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ராம் மாட்டும் இடம் (ஸ்லாட்) இருந்தால் ராமையும் கூட்டிக்கொள்ளலாம். பிராசஸர், திரை, கீல், போர்டோடு பற்றவைத்த ராம் இவற்றை மாற்ற முடியாது, முடிந்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே மாற்ற முடியாதவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியும் நல்ல திரையும் உள்ள லேப்டாப்பா, 1 டிபி எஸ்எஸ்டியும் மங்கிய திரையும் உள்ளதா என்று வந்தால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

எந்தப் படிப்பு, எந்த மென்பொருள்?

கடைக்குப் போகும் முன் அதே துறையில் மூன்றாம் வருடம் படிக்கும் சீனியரிடம், லேபில் என்னென்ன மென்பொருள் ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருடத்து சி, பைத்தான் பாடங்களுக்கு எந்த லேப்டாப்பும் போதும். பாரம் கூடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ரெவிட், ஈடாப்ஸ், ஸ்டாட் புரோ ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாமே விண்டோஸுக்கென்று செய்யப்பட்டவை. மேக்புக் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் இந்தத் துறைகளுக்கு வேண்டாம். ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம் மட்டும் போடத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. முப்பரிமாண அசெம்பிளி, ரெண்டரிங் என்று போகும்போது 6 ஜிபி நினைவகத்தோடு ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது 4050 இருந்தால் வேலை ஓடும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே 4050-ஐ ஒரு நிறுவனம் 35 வாட்டில் ஓட்டும், இன்னொன்று 115 வாட் வரை விடும். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. அந்த வாட் அளவு டிஜிபி என்ற பெயரில் விவரத்தாளில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி மாணவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டைவிட ராம் முக்கியம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை (திரையில் ஓடும் மாதிரி ஃபோனை) திறந்து, பக்கத்தில் பிரவுசரில் பத்து டேப் வைத்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். டாக்கர், விர்ச்சுவல் மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்காக மட்டும் கேமிங் லேப்டாப் வாங்க நினைப்பவர்கள், நிரலை கூகுளின் கணினியிலேயே ஓட்டவிடும் கூகுள் கோலாபை முதலில் பயன்படுத்திப் பாருங்கள். பாடத்திட்ட அளவிலான பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

இசிஇ மாணவர்களுக்கு சிப் வடிவமைப்புக்கான விவாடோ போன்ற மென்பொருள் பல பத்து ஜிபி இடத்தை விழுங்கும் என்பதால் 512-க்குக் கீழே போனால் சீக்கிரம் எஸ்எஸ்டி மாற்ற வேண்டிவரும். பி.காம் மாணவர்களுக்கு டேலி வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும். மற்றபடி எடை, பேட்டரி, கீபோர்டு நன்றாக இருந்தால் சரி. விஷுவல் கம்யூனிகேஷன் என்றால் திரையின் நிறத்துக்கே முதலிடம். மேக்புக் பொருந்துகிற படிப்பு இது. 2024 அக்டோபருக்கு முன் விற்ற மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலில் 8 ஜிபி ராம்தான், பிறகு கூட்டவும் முடியாது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் அதைச் சரிபாருங்கள்.

பிராசஸர் எண்ணைப் படிப்பது எப்படி

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எண்தான் வித்தியாசம், ஸ்டிக்கரில் இரண்டும் "ரைசன் 5". ஆனால் 7000 வரிசையில் பிராசஸரின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 7530-இல் அது 3, அதாவது ஜென் 3, ஆறு கோர். போதாக்குறைக்கு 7520யு உள்ள லேப்டாப்புகளில் ராம் போர்டோடு பற்றவைத்தே வரும். 8 ஜிபியில் வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். முதல் இலக்கமான 7 வெறும் ஆண்டுக் கணக்கு; அதைப் பார்த்துப் புதியது என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சாரச் சிக்கனம், எச் என்றால் வேகம். ஐ5-1235யு பிராசஸரில் பத்து கோர் உண்டு, ஐ5-12450எச்-இல் எட்டுதான். பத்து பெரிது என்று தோன்றும். ஆனால் முன்னதில் வேகமான கோர் இரண்டு, மற்ற எட்டும் சிறியவை. பின்னதில் வேகமானவை நான்கு, சிறியவை நான்கு. கோடு கம்பைல் செய்வது, சிமுலேஷன் ஓட்டுவது போன்ற வேலைகளில் எச் முந்தும். வகுப்பில் நாள் முழுக்கக் குறிப்பெடுக்க யு நல்லது. செலரான், என்100 போன்ற இன்டெலின் மலிவுப் பிராசஸர்களை நான்கு வருடப் படிப்புக்கு வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கி வந்தாலும்.

ராமும் ஸ்லாட்டும்

16 ஜிபி வேண்டும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடப்பதால் இப்போதைக்கு 8 ஜிபிதான் முடியும் என்றால், காலி ஸ்லாட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால் கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் பற்றவைத்தது. கடை ஊழியருக்கே தெரியாத விவரத்தை அந்த வரி சொல்லிவிடும்.

ஒரே 16 ஜிபி ராம் குச்சியைவிட 8 ஜிபி குச்சி இரண்டு இருப்பது நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியாகத் தரவு போய்வரும், வேகம் கண்ணுக்கே தெரியும்.

திரை, பேட்டரி, கீல்

திரை ஐபிஎஸ் வகையா என்று கேளுங்கள். பழைய டிஎன் வகை என்றால், எதிரே நின்று மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தாலே நிறம் மாறி வெளிறும். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோர பெஞ்சில் படிக்கலாம். 250 என்றால் கண்ணை இடுக்க வேண்டியிருக்கும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகள். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும்; டிசைன் படிப்பவர்களுக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி வேண்டும். 1920க்கு 1080 என்பதற்குப் பதில் 1920க்கு 1200 கிடைத்தால் விடாதீர்கள்; பிடிஎஃப் படிக்கும்போது கூடுதலாக நாலைந்து வரி தெரியும்.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்று சொல்வதை ஒதுக்கிவிட்டு, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். சாதாரண லேப்டாப் எளிய வேலைக்கு மணிக்கு ஏறக்குறைய 10 வாட்-அவர் குடிக்கும். 42 வாட்-அவர் என்றால் நான்கு மணி நேரம், 60 என்றால் ஆறு. கேமிங் லேப்டாப் சும்மா இருக்கும்போதே கூடுதலாகக் குடிக்கும், எடையும் 2.3 கிலோ, சார்ஜர் தனியாக அரை கிலோ. தினமும் நெரிசல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருபவர் இதை முதுகில் சுமந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறுமா என்றும் கேளுங்கள். துளை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. பவர் டெலிவரி உண்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

கீலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாரண்டி முடிந்த கையோடு சர்வீஸ் கடைக்குப் போக வைப்பது பல சமயம் அதுதான். விலை குறைந்த லேப்டாப்புகளில் கீல் இரும்பு, அதைத் தாங்குவது பிளாஸ்டிக். கீலின் திருகுகள் குட்டிக் குட்டிப் பித்தளைக் குமிழ்களில் இறங்கும். அந்தக் குமிழ்களைப் பிளாஸ்டிக்கில் சூடாக அழுத்திப் பதித்திருப்பார்கள். கீல் இறுக்கமாக இருந்து, மூடியை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் பாரமெல்லாம் ஒரு பக்கக் குமிழில் விழும். ஒரு நாள் அது பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், மூடி திறக்கும்போது ஓரம் வாயைப் பிளக்கும். ஒட்டுப்போட்டால் நிற்காது, பேனலையே மாற்ற வேண்டும். உடைந்தது என்று சொல்லி வாரண்டியையும் மறுப்பார்கள். கடையில் மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். மூலையில் இடைவெளி விரிந்தாலோ கிரீச் என்று சத்தம் வந்தாலோ அந்த மாடல் வேண்டாம். வாங்கிய பிறகும் எப்போதும் நடுவில் பிடித்தே திறங்கள்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

தாராளமாக. அலுவலகங்களில் ஓடிய திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். அதே விலைக்கு வரும் புதிய மலிவு லேப்டாப்பைவிடக் கீலும் கீபோர்டும் உறுதியாக இருக்கும். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) நுழையுங்கள், கடவுச்சொல் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, விண்டோஸை ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, அமைப்புத் திரை வரை காட்டச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு உள்நுழையச் சொன்னால், அந்த லேப்டாப் இன்னும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். இன்று தப்பித்தாலும் அடுத்த ரீசெட்டில் பூட்டிக்கொள்ளும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான் என்பதால் பெட்டியை வாங்கிய அன்றே பிரியுங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் தளத்தில் அதைப் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று தெரியும். பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால், பில்லைக் காட்டித் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கே ஆள் வந்து பழுது பார்ப்பார்களா, நீங்கள் சுமந்துகொண்டு போக வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள்.

512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்றே காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

கடைக்காரர் "நானே எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கித் தர விடாதீர்கள். லேப்டாப்போடு வரும் ஆபீஸ் உரிமம் முதலில் எந்தக் கணக்கில் ஏறுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். மாணவரின் சொந்தக் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது.

விடுதியில் சார்ஜ் போடும்போது உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் விரலில் லேசாக மின்சாரம் கூசுகிறதா? லேப்டாப் பழுதாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த அறையின் பிளக்கில் எர்த் இல்லை, அல்லது மூன்று முள் சார்ஜரை இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்கள். வேறு பாயிண்டில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். கூச்சம் நின்றுவிட்டால் பழைய பாயிண்டைச் சரிசெய்யச் சொல்லி விடுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.