மலைச்சரிவில் ஆய்வுகூடம்: எதை இறுக்குவது, எதைத் தளரவிடுவது

மருத்துவ ஆராய்ச்சிக்குக் கட்டடம் கேட்டு வருகிறவர்கள் முதலில் அறைக் கணக்கைத்தான் நீட்டுவார்கள். நுண்ணுயிரியலுக்கு இத்தனை அறை, மரபணு வேலைக்கு இத்தனை அறை. அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக ஓரத்தில் வையுங்கள். இன்று டெங்கு வைரஸைப் பார்க்கிற குழு சில வருடங்களில் சிறுநீரக நோய்க்குத் திரும்பிவிடலாம். கட்டடம் ஐம்பது வருடம் நிற்கப்போகிறது. ஹட்டனில் பிறந்து கண்டியில் கட்டடச் சேவைப் பொறியியலாளராக வேலை பார்க்கிறவள் நான். பின்னால் மாற்றவே முடியாத நாலைந்து விஷயங்களை முதலிலேயே கறாராக முடிவு செய்தால்தான் மற்றதெல்லாம் நம் இஷ்டத்துக்கு அசைந்து கொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தைப் புதைத்த மண்சரிவை மறந்துவிட்டு இந்தப் பக்கத்தில் யாரும் கோடு போடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வந்த பிறகு பிளானைத் தொடங்குங்கள்.

அடுத்தது தூண் இடைவெளி. வேலை மேசையின் அகலம் 75 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் மேசை, நடுவில் ஒருவர் குனிந்து வேலை செய்யும்போதே மற்றவர் பின்னால் கடந்து போக 1.5 மீற்றர், ஆக 3 மீற்றர். தடுப்புக்கும் குழாய்க்கும் இன்னும் 30 சென்ரிமீற்றர். இந்த 3.3 மீற்றர்தான் உங்கள் அளவுகோல். தூண்களை 6.6 மீற்றருக்கு ஒன்றாக நிறுத்துங்கள். தளத்திலிருந்து தளத்துக்கு 4.2 மீற்றருக்குக் குறையவே வேண்டாம். செலவைக் குறைக்கச் சொல்லி முதலில் கை வைப்பது இந்த உயரத்தில்தான், விட்டுக்கொடுக்காதீர்கள். தளம் சதுர மீற்றருக்குச் சுமார் 500 கிலோ தாங்க வேண்டும். கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மாறியதை நம் ஆட்களுக்குத் தெரியும். கொழுந்து வாட்டிய மாடிகள் திறந்த தளங்களாக இருந்ததால்தான் உள்ளே அறைகளை அடுக்க முடிந்தது. நமக்கு வேண்டியதும் அந்த மாதிரி மாடிதான்.

குழாய், வயர், காற்றுக்குழல் எங்கே போவது என்பதில்தான் கட்டடத்தின் ஆயுள் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லூயி கான் 1965இல் கலிபோர்னியாவில் முடித்த சால்க் நிறுவனத்தில், ஆய்வுகூடத் தளங்களோடு மாறி மாறி ஆள் நின்று வேலை செய்யக்கூடிய சேவைத் தளங்களை வைத்தார். கீழே ஆராய்ச்சி நடக்கும்போதே மேலே குழாயைத் திருத்தலாம். அந்தச் செலவு நமக்குக் கட்டாது. ஆனால் நமக்கு மலை இருக்கிறது. சரிவை வெட்டிய பக்கத்தில் தாங்குசுவரையும் கட்டடத்தையும் ஒட்டவைக்காமல் நடுவில் இரண்டு மீற்றர் விடுங்கள். ஊறிவரும் தண்ணீர் வடிகானில் விழுந்து ஓடிவிடும், ஆய்வுகூடச் சுவர் பூஞ்சணம் பிடிக்காது. அதே இடைவெளியில் குழாய்களையும் மின் தட்டுகளையும் மேலேற்றி, ஒவ்வொரு 6.6 மீற்றருக்கும் ஒரு கிளை விட்டு மூடி வையுங்கள். குழாய்காரர் ஆய்வுகூடத்துக்குள் கால் வைக்காமலே வேலையை முடிப்பார்.

கழிவுநீர் சரிவு பார்த்துத்தான் ஓடும். அதனால் சிங்க்கும், நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டும் அந்தச் சேவைப் பக்கத்தோடு நிரந்தரமாக இருக்கட்டும். ஜன்னல் பக்கம் முழுக்கச் சில்லு வைத்த மேசைகள். மின்சாரம், இணையம், காபனீரொட்சைட்டு எல்லாம் மேலிருந்து கழற்றி மாட்டும் இணைப்பில் இறங்கட்டும்.

ஒன்றில் மட்டும் நெகிழ்வு பேசாதீர்கள். காசநோய்க் கிருமியை வளர்க்கிற மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு அறை தளத்தின் ஒரு முனையில், தனிக் காற்றோட்டத்தோடு, தனி வாசலோடு இருக்க வேண்டும். எந்த அறையையும் பிறகு அப்படி மாற்றலாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

காற்றை வெளியேற்றும் குழாய்தான் மலைநாட்டில் எனக்கு அதிகம் கவலை தருவது. கூரைக்கு மேல் மூன்று மீற்றர் என்ற வழக்கமான கணக்கு சமதரைக்குச் சரி. இங்கே உங்கள் கூரை இருக்கிற மட்டத்தில்தான் மேல் வீட்டுக்காரரின் குசினி ஜன்னல் இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஒரு திசை, வடகீழ்ப் பருவத்தில் எதிர்த் திசை. இரண்டு காற்றுக்கும் புகை எங்கே போய் விழும் என்று மேலே ஏறி, அந்த ஜன்னலடியில் நின்று பாருங்கள்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் காற்று கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. விசிறியையும் ஜெனரேட்டரையும் கொழும்பு விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கினால் போதாது. நீராவியால் கிருமியைக் கொல்லும் ஓட்டோகிளேவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடல்மட்டத்தில் அழுத்தமானி 15 பவுண்டைக் காட்டும்போது நீராவி 121 பாகையைத் தொடும். நுவரெலியாவில் அந்தச் சூட்டுக்கு முள் 18 வரை ஏற வேண்டும். 15இல் நிறுத்தினால் கிருமி முழுக்கச் சாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அழுத்தத்தை அல்ல, வெப்பநிலையை அளந்து இயங்குகிற இயந்திரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

நுணுக்குக்காட்டிகள் அதிர்வு படாமல் கீழ்த்தளத்தில், தரையோடு ஒட்டிய கொங்கிரீட்டில் இருக்கட்டும். ஜெனரேட்டர் அங்கிருந்து தள்ளி. மைனஸ் 80 பாகை ஃப்ரீசர்கள் நடைபாதையில் நின்று சூட்டைக் கக்காமல் ஒரே அறையில், மின்வெட்டிலும் நிற்காத இணைப்பில் இருக்க வேண்டும். அந்த அறைக்கு 90 சென்ரிமீற்றர் கதவோடு 30 சென்ரிமீற்றர் துணைக்கதவும் போடுங்கள். பெட்டியோடு வரும் ஃப்ரீசர் லொறியிலிருந்து அறைவரை போகும் வழியைப் பிளானில் சிவப்புக் கோடாக வரைந்து, படி குறுக்கிடுகிறதா என்று பாருங்கள்.

மின்பலகையிலும் காற்றுக்குழலிலும் கால்வாசி இடம் காலியாக விடுங்கள். வால்வுகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் எழுதித் தொங்கவிட்டு, வரைபடத்தின் பிரதி ஒன்றைச் சேவைப் பாதையின் வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவிடுங்கள்.