ஆவுளியாவுக்கு எந்த வால்? கடலோர ஊருக்குப் பாடம் தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர்க் கடற்கரையில் ஓர் ஊர். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கடற்புல் மேயும் பாலூட்டியான கடற்பசு (கரையில் அதற்குப் பெயர் ஆவுளியா) பற்றி நாங்கள் அச்சடித்த துண்டறிக்கையை நீட்டினேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நம்ம ஆவுளியா இல்லையே தம்பி. வால் அகப்பை மாதிரி உருண்டையா இருக்கு. ஆவுளியாவுக்கு ரெண்டாப் பிரிஞ்சுல்ல இருக்கும்?" என்றார். இணையத்தில் 'கடற்பசு' என்று தேடி எடுத்த படம் அது. படத்தில் இருந்தது மேனட்டி. அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கும் தூரத்துச் சொந்தம். பாக் விரிகுடாவுக்கு வந்ததே கிடையாது. ஆயிரம் பிரதி அச்சாகியிருந்தது.

வால் ஒன்றுதானே என்று விட முடியவில்லை. விலங்கை நேரில் பார்த்தவரிடம் தப்பான படத்தைக் காட்டிவிட்டால், அதற்குக் கீழே எழுதியிருப்பதை அவர் எதற்காக நம்ப வேண்டும்?

2022இல் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இந்த விலங்குக்கென்று அதுதான் முதல். இனி அந்தக் கரைக்குக் கையேடும் பதாகையும் எழுதப்போகிறவர்களுக்காகவே, நானும் என் சகாக்களும் பட்டதைச் சொல்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'கடற்பசு' பாடநூல் சொல். கரையில் அது ஆவுளியா. தலைப்பிலேயே ஆவுளியா என்று போட்டுவிட்டு, கடற்பசு என்பதை உள்ளே ஓரிடத்தில் சொன்னால் போதும். இதைவிட மோசமான குழப்பம் அதன் தீனியில் வருகிறது. 'கடற்புல்லைக் காப்போம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் பாசிப் படத்தைப் போடுவார்கள். புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. பாசிக்கு இவை எதுவும் கிடையாது. ஆவுளியா மேய்வது புல்லை. கடற்புல்லைக் கடல்தாழை என்றால் ஊரில் புரியும். ராமநாதபுரம் கரையில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் அந்தப் பதாகையைப் பார்த்தால், குற்றவாளி நாங்கள்தானா என்றுதான் கேட்பார்கள். பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களாகவே குறைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி என்ற சர்வதேச விருதே கிடைத்தது. அவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய விஷயத்தை அவர்களுக்கே பாடம் நடத்துவது அபத்தம்.

அடுத்தது, சட்டத்தில் ஆரம்பிப்பது. என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணை, 3 முதல் 7 ஆண்டு சிறை என்று முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் இருக்கும். வேண்டுமென்று ஆவுளியாவைப் பிடிப்பவருக்கு அது தெரிந்த செய்தி. நண்டுக்கோ மீனுக்கோ விரித்த வலையில் தற்செயலாக அது சிக்கிக்கொண்டவருக்கு அந்தப் பக்கம் சொல்லித் தருவது ஒன்றைத்தான்: யாருக்கும் தெரியாமல் முடித்துவிடு. உயிரோடு விட்டிருக்கக்கூடியது சத்தமில்லாமல் புதைந்துவிடும்.

சட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் வர வேண்டியது, வலையைப் பிடித்திருக்கும் கை அடுத்த ஐந்து நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது. ஆவுளியா மீன் இல்லை. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலை அழுத்திப் பிடித்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் முதலில் மூக்கு தண்ணீருக்கு மேலே வர வேண்டும். பிறகு வலையை அறுக்க வேண்டும். வாலில் கயிறு போட்டு இழுக்கக் கூடாது. படகில் ஏற்றப் பார்க்கக் கூடாது. வளர்ந்தது 400 கிலோகூட இருக்கும், தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதன் எடையே அதை அமுக்கும். குட்டி சிக்கியிருந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கக்கூடும், என்ஜினைக் கவனிக்க வேண்டும். இத்தனையையும் நாலு படத்தில் காட்டிவிடலாம்.

அறுத்த வலைக்கு யார் காசு கொடுப்பது? கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். கையேட்டில் இதற்குப் பதில் இல்லையென்றால் மற்றப் பக்கங்களை யாரும் புரட்டப் போவதில்லை. ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. அதை எப்படிக் கேட்பது, விடுவித்ததற்குச் சாட்சியாகச் செல்போனில் எதைப் படம் எடுத்து வைப்பது என்று துறையிடம் விசாரித்து எழுதுங்கள். 'தொடர்பு கொள்ளவும்' என்று மொட்டையாக முடிக்காதீர்கள்.

எண்களையும் அப்படியே கொட்டக் கூடாது. ஒரு ஆவுளியா ஒரு நாளில் 40 கிலோ வரை புல் மேயும் என்று மட்டும் சொன்னால், 'அப்ப அதுதானே புல்லை அழிக்குது' என்பார்கள். எனக்கே நடந்தது. நீலக்கால் நண்டும் ஒரா மீனும் அதே தாழைக்குள்தான் வளர்கின்றன என்பதைச் சேர்த்துச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, சுமப்பது ஒரு வருஷத்துக்கும் மேல், அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருஷம் என்ற கணக்கையும் ஆடு மாடு வளர்ப்பவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிப்பது சின்ன விஷயம்தான், ஆனாலும் சொதப்புகிறோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவர்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை கிடையாது, அவர்கள் கடலில் இருப்பார்கள். பெண்கள் விடிகாலையில் ஏலக்கூடத்தில் நிற்பார்கள். காலை பத்தரைக்குக் கூட்டம் போட்டுவிட்டு 'ஆர்வமே இல்லை' என்று அறிக்கை எழுதினால் தப்பு யாருடையது? பள்ளிக்கூட ஓவியப் போட்டி நடக்கட்டும், தப்பில்லை. ஆனால் வலையை இழுப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இல்லையே.

இரண்டாவது பதிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அதே பெரியவரிடம் கொண்டுபோனேன். வாலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, அடியில் இருந்த போன் நம்பரைக் காட்டினார். "கடலுக்கு எவன் தம்பி கண்ணாடி கொண்டு போறான்?" தாளின் பாதி அகலத்துக்கு நம்பரைப் பெரிதாக்கினோம். இடம் போதவில்லை, எங்கள் அமைப்பின் இலச்சினையை எடுத்துவிட்டோம்.